பழைய அளவு

எங்கள் கட்டடத்தில் கண் கீழே, பல் மேலே. தரைத்தளத்தில் என் மூக்குக்கண்ணாடிக் கடை, மாடியில் பல்லுக்காரரின் பட்டறை. காதுக்கும் ஒருத்தர் வந்து கடை போட்டால் முகம் முழுசாகிவிடும் என்று என் மனைவி கிண்டல் செய்வாள்.

பல்லுக்காரர் டாக்டர் இல்லை. டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் அதில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி, அந்த வாயைப் போலவே ஒரு வெள்ளை வாயைச் செய்து, அதன்மேல் உட்காரும்படி பல் கட்டித் திருப்பி அனுப்புவார். கூட வரும் சீட்டில் ஒரு எண்ணும் பல்லின் நிறமும் மட்டும் இருக்கும். ஊரில் எத்தனையோ பேர் அவர் செய்த பல்லை வைத்துக்கொண்டு மெல்லுகிறார்கள், சிரிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள். தெருவில் எதிரே வந்தால் அவர்களுக்கும் இவரைத் தெரியாது, இவருக்கும் அவர்களைத் தெரியாது.

மதியச் சாப்பாட்டை அந்த வெள்ளை வாய்கள் அடுக்கிய அலமாரிக்கு எதிரில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவார். "இத்தனை வாய் இருக்கு, ஒண்ணாவது பேசுதா பாருங்க தம்பி" என்பார். அவருடைய வீட்டுக்கு ஒரே ஒரு முறை போயிருக்கிறேன், அவர் காய்ச்சலில் கிடந்தபோது. ஒரே அறை. நாற்காலி இரண்டு இருந்தது. ஒன்றில் துவைத்த துணியைக் குவித்து வைத்திருந்தார். நான் உட்கார வேண்டும் என்று அவர் எழுந்து அதை அள்ளினார். அள்ளியதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டே நின்றார். அந்த நாற்காலிக்கு நான்தான் முதல் ஆள் போலிருக்கிறது.

நாங்கள் இருவரும் ஒரே சபை. நான் முன் பெஞ்சு. அவர் எனக்குப் பின்னால், தூண் ஓரம். எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வருடத்தின் கடைசி ஞாயிறு ஆராதனையில் பெஞ்சு பெஞ்சாக எழுந்து, அந்த வருடம் தன் வாழ்க்கையில் என்ன கனி உண்டானது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். ஒருவர் புதிதாக ஒரு குடும்பத்தைச் சபைக்குக் கூட்டி வந்திருப்பார். இன்னொருவர் வேதபாட வகுப்பு நடத்தியிருப்பார். மகனுக்கு வேலை கிடைத்தது, மகள் பரீட்சையில் தேறினாள் என்றும் சிலர் எழுந்து சொல்வார்கள். மகனுக்கு வேலை கிடைத்தது எப்படி உன்னுடைய கனி ஆகும் என்று எனக்கு நாக்கு நுனி வரை வரும். கேட்டால் கடைக்கு வருகிற நாலு பேரும் வர மாட்டார்கள் என்று வாயை மூடிக்கொள்வேன். சாட்சி சொல்லத் துடிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பல்லுக்காரர் எழுந்ததே இல்லை. அவர் முறை வரும்போது தலை குனிந்து உட்கார்ந்திருப்பார். போதகர் ஒரு நொடி பார்த்துவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுவார்.

ஒரு தடவை போதகர் திராட்சைச் செடியையும் அதன் கொடிகளையும் பற்றிப் பிரசங்கித்தார். கனி கொடாத கொடி அறுபட்டுப் போகும் என்று சொன்னபோது தூண் பக்கமாகப் பார்த்தார் என்று எனக்கு ஒரு சந்தேகம். மறுநாள் மாடிப்படியில் பல்லுக்காரர் என்னை நிறுத்தினார்.

"தம்பி, வெட்டிப் போட்ட கொடிக்கு, தன்னை வெட்டிட்டாங்கன்னு தெரியுமா?"

"எப்படிண்ணே தெரியும், கொடிதானே."

"அதான் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கனி. வீட்டை விட்டுப் போன மனைவியும் மகளும் திரும்பி வர வேண்டும். அவர்கள் வந்தால் கடவுள் தன்னை மன்னித்துவிட்டார், வராத வரைக்கும் தான் காய்ந்த கொடி. இப்படி ஒரு தீர்ப்பைத் தனக்குத் தானே எழுதி வைத்துக்கொண்டு வருடக்கணக்காகக் காத்திருந்தார். காலையில் பட்டறையைத் திறந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்து அதற்காக ஜெபம் செய்வார். என் கடை ஷட்டரைத் தூக்கும் சத்தம்தான் அவருக்கு ஆமென்.

அவர்கள் ஏன் போனார்கள் என்ற கதையை அவர் வாயாலேயே மூன்று விதமாகக் கேட்டிருக்கிறேன்.

நடந்தது இதுதான். ஒரு டாக்டர், பல் சரியாக உட்காரவில்லை என்று திருப்பி அனுப்பினார். அந்தக் காலத்தில் இவருக்குக் கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்கும். பட்டறைச் சுவரில் அதற்கு அடையாளமாகப் பள்ளம் பள்ளமாக இருக்கும். அன்று கையில் இருந்தது பிளாஸ்டர் அச்சு, கல் மாதிரி கனம். மனைவி மதியச் சாப்பாட்டோடு அப்போதுதான் வாசலுக்கு வந்தாள். அது அவள் வாயில் போய் விழுந்து முன்பல் ஒன்று உடைந்தது. மகள் பள்ளிச் சீருடையில் அம்மாவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். உடைந்த இடத்தில் பொருத்த ஒரு பல்லை இவரே செய்தார். பக்கத்துப் பல் லேசாகச் சாய்ந்து ஏறியிருக்கும். அதற்கு ஏற்றபடி இதையும் சாய்த்து, கட்டின பல் என்று எவரும் கண்டுபிடிக்க முடியாதபடி செய்தாராம். அந்தப் பல்லைக் கட்டி முடித்த வாரமே அவள் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நகைநட்டு, புடவை, அவர் வாங்கிக் கொடுத்தது எல்லாவற்றையும் வைத்துவிட்டுப் போனாள். பல்லை மட்டும் கழற்றி வைக்க முடியவில்லை.

நான் கடை வைத்த புதிதில் அவர் சொன்னது, "சுவத்தப் பார்த்துதான் எறிஞ்சேன் தம்பி. அவ குறுக்க வந்துட்டா."

சில வருடங்கள் கழித்து, "கை தவறிடுச்சு தம்பி."

அதற்கும் பல வருடம் கழித்து, ஒரு மழை நாளில், நானாக எதுவும் கேட்காமலே சொன்னார். "அவ வாசல்ல நின்னது எனக்குத் தெரியும். நான் சுவத்தப் பார்த்து எறியல."

முதல் கதையைக் கேட்டபோது அவர் மேல் எனக்குப் பாவமாக இருந்தது. மூன்றாவதைக் கேட்டபோது வெறுப்பு வந்தது. கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆள் உண்மைக்குப் பக்கத்தில் போகப் போக, கூட இருக்கிறவர்கள் தள்ளிப் போகிறார்கள். எனக்கே இப்படி என்றால் கேட்ட மற்றவர்களைச் சொல்ல வேண்டியதில்லை. சபையில் இரண்டொருவரிடமும் அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் பெஞ்சில் தூணுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவில் இடைவெளி கூடிப்போனது.

முதலில் அவர் சபைக்கு வந்தது பக்தியால் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்க முடியாமல் வந்தார். வந்து உட்கார்ந்தவரைக் கடவுள் எப்படியோ பிடித்துக்கொண்டார். கோபத்துக்கு அவரே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். கோபம் வந்தால் இருந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவது, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வது, உதடு அசைய ஜெபம் பண்ணுவது. தெருவில் ஒரு ஸ்கூட்டர்காரன் இடித்துவிட்டு இவரையே திட்டினான் என்று நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். சபையின் பொதுக் கூட்டத்தில் வாக்குவாதம் முற்றியபோது நாற்காலி கிடைக்காமல் தரையிலேயே உட்கார்ந்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கட்டடத்தில் கரண்ட் போய் அவர் வேலை நின்றால், மேலே ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்கும். "உட்கார்ந்துட்டார்" என்பாள் என் மனைவி.

பிறகு எப்போதோ அந்தச் சத்தம் நின்றுவிட்டது. எப்போது என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. வராத சத்தத்தை யார் கவனிப்பார்கள்?

ஒரு நாள் நடுப்பகலில் அவர் என் கடைக்கு வந்தார். கை முழுக்க பிளாஸ்டர். நான் ஒரு வாடிக்கையாளருக்குக் கண்ணாடியின் காலை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். அந்த ஆள் போகும் வரை பல்லுக்காரர் ஓரமாகக் காத்திருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, அவ அச்சு வந்திருக்கு."

"யார் அச்சு?"

"அவதான். நான் செஞ்ச பல் எனக்குத் தெரியாதா?"

ஒரு லேடி டாக்டரிடமிருந்து வந்த அச்சு. சீட்டில் வழக்கம்போல எண் மட்டும். பிளாஸ்டர் ஊற்றி, இறுகியதும் கழற்றிப் பார்த்திருக்கிறார். முன்வரிசையில் அந்தச் சாய்ந்த பல், பக்கத்தில் அதை ஒட்டிச் சாய்ந்த இவருடைய பல். பின்னால் கடைவாய்ப் பற்கள் எல்லாம் போயிருந்தன. மெல்லுவதற்குப் பல் கட்டச் சொல்லி டாக்டர் அனுப்பியிருந்தார்.

"இதே ஊர்லதான் இருக்காங்க" என்றார். எனக்கு அவர் மேல் இருந்த வெறுப்பெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"அப்புறம் என்னண்ணே, டாக்டருக்குப் போன் பண்ணுங்க. பேரு, அட்ரஸ் எல்லாம் வாங்கிடலாம். நான் வேணா கேக்கறேன்."

"வேண்டாம்."

"இத்தனை வருஷம் இதுக்குத்தானே ஜெபம் பண்ணீங்க?"

"அவ இருக்கிற இடத்த அவளா சொல்லணும் தம்பி. சொல்லாம போனா. இப்ப அவ வாயில இருந்து திருடிட்டுப் போய் நான் கதவத் தட்டவா?"

எனக்கு எரிச்சலாக வந்தது. கிடைத்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளத் தெரியாத மனிதர் என்று நினைத்தேன். அவர் மாடிக்குப் போய்விட்டார். அன்று முழுவதும் மேலே இயந்திரம் ஓடவில்லை.

அதன் பிறகு அவர் வேறு எந்த வேலையையும் தொடாமல் அந்தப் பல்லைக் கட்டினார். நான் இரண்டு தடவை மேலே போய்ப் பார்த்தேன். மேசையில் இரண்டு வெள்ளை வாய்கள் இருந்தன. ஒன்று புதிது. இன்னொன்று பழசு, மஞ்சள் ஏறியது. உடைந்த பல்லைச் செய்யும்போது எடுத்த அச்சு அது. மற்றவர்களுடையதை எல்லாம் கொஞ்ச காலம் வைத்திருந்துவிட்டுக் குப்பையில் போடுவார். இதை மட்டும் ஒரு பழைய துண்டில் சுற்றி அலமாரிக்குள் வைத்திருந்திருக்கிறார். மனைவியின் போட்டோ கூட அவரிடம் கிடையாது. இதுதான் இருந்தது.

பல்லுக்காரர்களுக்கு அச்சோடு ஒரு மெழுகுத் துண்டும் வரும். வாயை மூடினால் மேல்தாடையும் கீழ்த்தாடையும் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்று காட்ட, டாக்டர் நோயாளியைக் கடிக்க வைத்து அனுப்புவது. அந்த மெழுகு மிகவும் தட்டையாக இருந்தது. வெயிலில் வரும்போது இளகி நசுங்கிப் போயிருக்கும் என்று இவர் முடிவு செய்தார். அப்படி நடப்பதும் உண்டுதான். சந்தேகம் வந்தால் டாக்டருக்குப் போன் செய்து கேட்பதுதான் வழக்கம். இவர் கேட்கவில்லை. போனை எடுத்தால் அளவோடு நிற்காமல் வேறு எதையாவது கேட்டுவிடுவோமோ என்று அவருக்குப் பயம். பழைய அச்சு கையில் இருக்கிறதே, அவள் வாயின் உயரம் தனக்குத் தெரியாததா என்று அந்த அளவிலேயே பல்லைக் கட்டி, மெருகேற்றி, பஞ்சில் வைத்து அனுப்பிவிட்டார்.

அனுப்பிய அன்று என் கடைக்கு வந்து சும்மா உட்கார்ந்திருந்தார். "நல்லா வந்திருக்கு தம்பி" என்றார். பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி இருந்தது முகம்.

கொஞ்ச நாளில் ஒரு பெண்மணி என் கடை வாசலில் நின்று மேலே பார்த்தாள். காதோரம் நரைத்திருந்தது. கையில் ஒரு சின்னப் பெட்டி.

"மேல இருக்கிற பல் லேப் இப்ப யாரு நடத்தறாங்க சார்? டாக்டர் அட்ரஸ் குடுத்தாங்க. எங்கம்மாவுக்குக் கட்டின செட் போட்டா வாயே மூட மாட்டேங்குது. தாடை வலிச்சு ரெண்டு நாளா கஞ்சிதான் குடிக்கறாங்க. நேரா லேபுக்கே கொண்டு போய்க் காட்டுங்கன்னு சொல்லிட்டாங்க."

எனக்குப் பொறி தட்டியது. ஆனால் வாய் திறக்கவில்லை. படிக்கட்டு இருட்டாக இருக்கும், வாங்க என்று நானே கூட்டிக்கொண்டு போனேன். வேண்டுமென்றேதான் போனேன். இதைப் பார்க்காமல் கீழே கண்ணாடி துடைத்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

கதவு திறந்திருந்தது. அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். "அண்ணே, ஆள் வந்திருக்காங்க" என்றேன். திரும்பினார்.

அவள் அவரைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். சுவரில் பழைய பள்ளங்கள் அப்படியே இருந்தன. புதிதாக ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள் போலத் தோன்றியது. ஒரு அடி பின்னால் வைத்தாள். போய்விடப் போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் வீட்டில் ஒரு அம்மா கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறாளே. உள்ளே வந்து பெட்டியை மேசை மேல் வைத்தாள்.

"இது சேரல" என்றாள். "நீங்கதான் செஞ்சீங்களா?"

அப்பா என்று சொல்லவில்லை. முன்பின் தெரியாத கடைக்காரரிடம் பேசுவதைப் போலப் பேசினாள். அவர் தலையாட்டினார். பெட்டி மேல் இருந்த கையை அவள் இழுத்துக்கொள்ளும்போது தோள்பையின் வார் மேசை விளிம்பில் இருந்த பழைய அச்சில் மாட்டியது. அது விழப் போவது எனக்குத் தெரிந்துவிட்டது, எட்டிப் பிடிக்க நேரமில்லை. அது தரையில் விழுந்து சுக்குநூறாகியது.

சத்தம் கேட்ட அதே நொடியில் அவள் முழங்கையை மடக்கி முகத்துக்கு மேலே தூக்கிக்கொண்டாள். தலை தோளுக்குள் போய்விட்டது. கண்ணை இறுக மூடியிருந்தாள்.

நரைத்த தலை. வேலைக்குப் போகிற, நாலு பேரை அதட்டுகிற வயது. அப்படி நின்றாள்.

நான் பல்லுக்காரரைப் பார்த்தேன். அவர் பார்த்தது உடைந்த அச்சை அல்ல, அந்தக் கையை. பிறகு மூலையில் இருந்த துடைப்பத்தையும் முறத்தையும் எடுத்து வந்து அவள் காலடியில் மண்டியிட்டார்.

"கால்ல குத்திடும், கொஞ்சம் நகரும்மா" என்றார்.

அவள் கண்ணைத் திறந்தாள். கை மட்டும் இன்னும் இறங்கவில்லை. அவர் பெரிய துண்டுகளைக் கையால் பொறுக்கி முறத்தில் போட்டார். பொடியைப் பெருக்கினார். மேசைக்கு அடியில் போனதையும் குனிந்து பெருக்கினார். அவசரமே படவில்லை. பெருக்கி முடிக்கும்போதுதான் அவள் கை கீழே வந்தது.

அவர் பெட்டியைத் திறந்து பல்லை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். டாக்டர் அனுப்பிய மெழுகை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"தப்பு என்னோடது" என்றார். "டாக்டர் அளவு சரியாத்தான் அனுப்பியிருக்காங்க. வயசானா பல் தேயும், தாடை இறங்கும். நான்தான் அத நம்பாம பழைய அளவ வச்சுப் பண்ணிட்டேன்."

"பழைய அளவா? அது உங்களுக்கு எப்படி?"

அவர் பதில் சொல்லாமல் முறத்தைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். வெள்ளைத் துண்டுகளுக்கு நடுவில் முன்வரிசை மட்டும் உடையாமல் கிடந்தது. சாய்ந்த பல், அதற்குப் பக்கத்தில் அந்தக் காலத்திலேயே பாதியாக உடைந்த பல். அவளுக்குப் புரிந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"எந்தப் பக்கம் ரொம்ப வலிக்குதாம்?" என்று கேட்டார்.

"இடது பக்கம்."

"சரிம்மா. புதுசாவே பண்ணித் தர்றேன்."

அவ்வளவுதான். அம்மா எப்படி இருக்கிறாள், எங்கே இருக்கிறீர்கள், உனக்குக் கல்யாணம் ஆயிற்றா, ஒன்றும் கேட்கவில்லை. கேட்கச் சொல்லி நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கண்ணைக் காட்டினேன், சைகை செய்தேன். அவர் மெழுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பல்லை வாங்க வந்தபோது அவள் மாடி ஏறவில்லை. என் கடையில் உட்கார்ந்துகொண்டு, வாங்கித் தர முடியுமா என்று கேட்டாள். நான் போய் வாங்கி வந்தேன். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்திருக்காமலே இருந்தாள்.

"அம்மா ஒரே ஒரு கேள்விதான் சார் கேட்டாங்க. கத்தினாரான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இல்லன்னேன். என் கையால ஒண்ணு விழுந்து உடைஞ்சது, பெருக்கினார்னு சொன்னேன். அம்மா நம்பல. நான் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு நீ பொய் சொல்றன்னாங்க." அவள் பெட்டியின் மூடியைத் தடவினாள். "நானே பார்க்கலன்னா நானும் நம்ப மாட்டேன்."

இதை நான் அவரிடம் போய்ச் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

அந்த வாரம்தான் வருடக் கடைசி ஞாயிறு. வழக்கம்போல பெஞ்சு பெஞ்சாக எழுந்தார்கள். வீடு கட்டியவர் எழுந்தார். வகுப்பு நடத்தியவர் எழுந்தார். ஊழியத்துக்குப் போய் வந்தவர் நீளமாகப் பேசினார். என் முறைக்கு நான் ஏதோ இரண்டு வார்த்தை முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் தூண் ஓரம். போதகர் பார்த்தார். பல்லுக்காரர் தலை குனிந்திருந்தார். போதகரின் பார்வை அடுத்த பெஞ்சுக்குப் போனது. எழுந்து நின்று, யோவ், பட்டறைத் தரையில் ஒரு மனுஷன் மண்டி போட்டுப் பெருக்கினதை நான் பார்த்தேன் என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. வேண்டுமானால் அவர் வைத்தியத்தை அன்று நான் செய்தேன் என்று சொல்லலாம். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆராதனை முடிந்து இருவரும் நடந்து வந்தோம். வழக்கமாகத் திரும்பும் முனையில் அவர் திரும்பாமல் நின்றார்.

"கனி இல்ல, கனி இல்லன்னு இத்தனை வருஷம் அழுதேன் தம்பி. இருந்திருக்கு. அவ கையத் தூக்கினாளே, பார்த்தீங்கல்ல? அது நான் போட்ட விதை. அவளுக்குள்ள முளைச்சு இன்னும் நிக்குது. அவங்க திரும்பி வந்தா எனக்கு மன்னிப்புன்னு நினைச்சுட்டு இருந்தேன். அவ பட்டது என்னன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

எனக்கு ஆறுதல் சொல்லிப் பழக்கம் இல்லை.

"பெருக்கினதும் நீங்கதாண்ணே" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னது அவருக்கு விளங்கவில்லை என்று நன்றாகத் தெரிந்தது. உடைந்தால் பெருக்க வேண்டியதுதானே என்பதைப் போல ஒரு பார்வை. அந்த இடத்தில் பழைய மனிதர் என்ன செய்திருப்பார் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. ஸ்டூல் சத்தம் நின்று எத்தனை காலம் ஆகிறது என்று நான் அப்போதுதான் யோசித்தேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் ஒரு பெருமையாகிவிடுமோ என்று பயந்து அதையும் ஜெபத்தில் கொண்டு போய் வைத்துக்கொள்வார்.

அவர் வீட்டுக்குப் போனார். அந்த ஒற்றை அறைக்கு, அந்த இரண்டு நாற்காலிக்கு. சாப்பிட வாங்க என்று நான் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட வேண்டும் என்று தோன்றியபோது அவர் முனை தாண்டிவிட்டார்.

பிறகு ஒரு நாள் அவள் கடைக்கு வந்தாள். அம்மாவின் மூக்குக்கண்ணாடியில் திருகாணி கழன்றுவிட்டதாம். அதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. தெருவுக்குத் தெரு கண்ணாடிக் கடை இருக்கிறது. நான் திருகாணியை மாட்டிக் கொடுத்தேன்.

"பல் எப்படி இருக்கு?"

"நல்லா சேர்ந்துடுச்சு சார். ரொம்ப நாளைக்கு அப்புறம் வேர்க்கடலை சாப்பிட்டாங்க. மேல சொல்லிடுங்க."

"நீங்களே போய்ச் சொல்லுங்களேன். இருக்கார்."

அவள் கடைக்கு வெளியே போய்ப் படிக்கட்டின் அடியில் நின்றாள். முதல் படியில் ஒரு காலை வைத்தாள். மேலே இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதைக் கேட்டபடி நின்றாள்.

"இன்னைக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் காலை எடுத்தாள்.

அவள் தெருமுனை திரும்பும் வரை பார்த்துவிட்டு நான் மாடி ஏறினேன். இந்தத் தடவை எதையும் மறைப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். கத்தினாரா என்று அவர் மனைவி கேட்டது, இல்லை என்றதை நம்பாதது, மகள் படியில் கால் வைத்தது, இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். நம்பவில்லை என்று சொன்ன இடத்தில் அவர் கண் கலங்கியது. இன்றைக்கு வேண்டாம் என்று சொன்ன இடத்தில் ஏதாவது கேட்பார், நாளைக்கு வருவாளா என்றாவது கேட்பார் என்று காத்திருந்தேன்.

"அந்த இடது பக்கம்" என்றார். "இப்ப வலி இல்லல்ல?"

"இல்லையாம்."

தலையாட்டினார். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, மேசையில் இருந்த அடுத்த அச்சை எடுத்தார்.